கால்பந்துக்காக, பாஸ் ஆன பையனை ஒன்பதாம் வகுப்பிலேயே இன்னொரு வருடம் உட்கார வைக்கலாமா?

கோத்தகிரி பிக்கப்:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எனக்கு. கேரட், பீட்ரூட், கோஸ் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு பிக்கப் ஓட்டுகிறேன். விளையாட்டு பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது, கோல் விழுந்தால் கை தட்டத் தெரியும். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பையன் இப்போதுதான் ஒன்பதாவது முடித்தான். படிப்பில் மோசமில்லை, பத்தாவதுக்குப் போகலாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். கால்பந்தில் இடது விங். சின்ன வயதில் இருந்தே காந்தி மைதானத்தில் கிடப்பான், பனி மூடி எதிர் கோல் போஸ்ட் தெரியாத நாளில்கூட. கால் வேலை நன்றாக இருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். உடம்புதான் பிரச்சினை. கூட ஆடுகிறவர்களுக்கு மீசை வந்துவிட்டது, இவன் இன்னும் எலும்பும் தோலுமாக நிற்கிறான்.

போன வருடம் பள்ளி டீமில் எடுத்தார்கள். ஊட்டியில் நடந்த மாவட்டப் போட்டியில் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்துக் கடைசிப் பத்து நிமிடம் இறக்கினார்கள். முதல் பந்து காலுக்கு வந்ததும் எதிர் டீமின் தடுப்பாட்டக்காரன் (பேக்) தோளால் ஒரு இடி. கோட்டுக்கு வெளியே போய் விழுந்தான். ஃபவுல்கூட இல்லை. தோளோடு தோள், ரெஃப்ரீ செய்தது சரிதான் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். எழுந்து வந்து அதே ஆளுக்கு உள்பக்கமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஒரு கிராஸ் போட்டான், அதையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவன் பக்கம் யாரும் பந்தே தரவில்லை.

ஏப்ரலில் கோவையில் ஒரு தனியார் அகாடமியின் செலக்‌ஷனுக்குக் கூட்டிப் போனேன். முடிந்ததும் கோச் என்னைத் தனியாக அழைத்தார். “திறமை இருக்குங்க, உடம்புதான் ஒரு வருஷம் பின்னாடி இருக்கு. எங்க ஹாஸ்டல்ல விட்டுடுங்க. பக்கத்துல நமக்குத் தெரிஞ்ச ஸ்கூல் இருக்கு, ஒன்பதாவதே மறுபடி போட்டுக்கலாம். ஒரு வருஷம் கையில கிடைக்கும். அமெரிக்காவுல எல்லாம் இப்படித்தான் பண்றாங்க” என்றார். வருடத்துக்கு ஒன்றரை லட்சம், சாப்பாடும் சேர்த்து.

வீட்டில் ஒரே வார்த்தை: “பாஸ் ஆன புள்ளைய எதுக்கு ஃபெயில் ஆக்கணும்?” பையன் வாயே திறப்பதில்லை. கூடப் படிக்கிறவர்கள் பத்தாவதுக்குப் போய்விடுவார்கள் என்ற கவலை ஒரு பக்கம், அங்கே பார்த்த புல் மைதானத்தின் மேல் ஆசை ஒரு பக்கம்.

உண்மையாகவே ஒரு வருடம் கையில் கிடைக்குமா? வயது வரம்பை எப்படிப் பார்க்கிறார்கள்? ஜூனில் பள்ளி திறப்பதற்குள் முடிவு சொல்ல வேண்டும்.

மண்டிக்காரன்:

அண்ணா, பையன் பிறந்த தேதியைப் போடுங்க. அது தெரியாமல் ஆளாளுக்கு அடித்து விடுவார்கள்.

கோத்தகிரி பிக்கப்:

2011 டிசம்பர் 18. உயரம் 149 செ.மீ. நான் 171, வீட்டில் 157. அதையும் கேட்பார்கள் என்று இப்போதே போட்டுவிட்டேன்.

டல்லாஸில் குன்னூர்க்காரன்:

அமெரிக்கா என்று வந்துவிட்டதால் நான் சொல்கிறேன். டெக்சாஸில் இருக்கிறேன், இங்கே இது தெருவுக்குத் தெரு நடக்கிற சண்டை.

கோச் சொன்னது பாதி உண்மை. இங்கே பள்ளி விளையாட்டில் வகுப்புதான் கடிகாரம். ஒன்பதாவதில் கால் வைத்த நாளில் இருந்து நான்கு வருடம்தான் ஆட முடியும். அதோடு டெக்சாஸ் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூஐஎல் அமைப்பின் விதிப்படி செப்டம்பர் 1க்குள் 19 வயது நிறைந்தவர்கள் ஆட முடியாது. இந்த இரண்டு வேலிக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பெற்றோர் டேப் வைத்து அளக்கிறார்கள். ஒன்பதாவதுக்குப் போகும் முன்பே பையனை ஒரு வருடம் நிறுத்திவிட்டால், பன்னிரண்டாவதில் எல்லோரையும்விட ஒரு வயது மூத்தவனாக, பத்துப் பதினைந்து பவுண்டு கூடுதலாக நிற்பான். கல்லூரிக் கோச்சுகளும் பள்ளி முடிக்கும் வருடத்தை வைத்துத்தான் ஆள் பிடிக்கிறார்கள், அதனால் ஸ்காலர்ஷிப் கணக்கும் அதிலேயே ஓடுகிறது. இதற்கு ரீகிளாஸ் என்று பேர். கல்லூரியில் இதே சமாச்சாரம் ரெட்ஷர்ட்: டீமோடு பயிற்சி எடுப்பான், மேட்ச் ஆட மாட்டான், அந்த வருடம் கணக்கில் போகாது.

எங்கள் தெருவில் ஒரு பையன் எட்டாவதை இரண்டு முறை படித்தான். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறவன், அப்பாவும் பழைய ஆட்டக்காரர். அவனைப் பார்த்து அடுத்த வருடம் இன்னும் இரண்டு வீட்டில் நிறுத்தினார்கள். இப்போது யாருக்கும் லாபமில்லை, எல்லோரும் ஒரு வயது கூடி நிற்கிறார்கள். நேரத்துக்குப் படித்துவிட்டு வந்த பையன்தான் பொடியனாகத் தெரிகிறான்.

ஆனால் அண்ணா, இதை கவனியுங்கள்: நம் ஊர் கால்பந்து, இங்கே சாக்கர், அதில் கிளப் போட்டிகள் பிறந்த தேதிப்படிதான். சில வருடங்களாக ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று இருந்ததை 2026-27 சீசனில் இருந்து ஆகஸ்ட் முதல் ஜூலை என்று பெரிய அமைப்புகள் மாற்றுகின்றன, வகுப்புத் தோழர்கள் ஒரே டீமில் ஆடட்டும் என்று. தேதி எங்கே மாறினாலும் அளவுகோல் பிறந்த தேதிதான். கிளப் சாக்கரில் ஒன்பதாவதை இரண்டு தடவை படித்து ஒரு புண்ணியமும் இல்லை. ஊரில் எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ரிட்டயர்டு பி.டி.:

பிக்கப் தம்பி, நான் நீலகிரியில் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பதில் கொஞ்சம் நீளும், லோடு இறக்கிவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் கணக்கு. பள்ளி விளையாட்டில் 14 வயதுக்குக் கீழ், 17க்குக் கீழ், 19க்குக் கீழ் என்று மூன்று பிரிவு. எந்த வகுப்பு என்பதை வைத்துப் பிரிப்பதில்லை, அந்த வருடம் டிசம்பர் 31 அன்று என்ன வயது என்பதுதான் பேச்சு. போன 2025-26 சீசனில் 14 பிரிவில் ஆட 1.1.2012 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். உங்கள் பையன் 18.12.2011. இரண்டு வாரம் கழித்துப் பிறந்திருந்தால் போன வருடம் 14 பிரிவில் கேப்டனாகவே ஆடியிருப்பான். இரண்டு வாரத்தில் 17 பிரிவுக்குப் போய்விட்டான். அந்தப் பிரிவுக்குத் தொடக்கத் தேதி 1.1.2009. அதாவது அவனை இடித்துத் தள்ளிய அந்த பேக், அவனைவிடக் கிட்டத்தட்ட மூன்று வயது மூத்தவனாக இருந்திருக்கலாம். பையன் பலவீனமானவன் என்று நினைத்துக்கொண்டு ஊட்டியில் இருந்து திரும்பியிருப்பீர்கள். அந்த வயதில் மூன்று வருடம் என்பது பெரிய மலை.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980களில் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதத்தை எடுத்துப் பார்த்தார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள்தான் குவிந்து கிடந்தார்கள். வருடக் கடைசியில் பிறந்தவர்கள் அரிது. அங்கே வயதுக் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குகிறது, அவ்வளவுதான் ரகசியம். இங்கிலாந்துக் கால்பந்து அகாடமிகளில் கணக்கு செப்டம்பரில் தொடங்கும், அங்கே செப்டம்பர், அக்டோபர், நவம்பர்ப் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். எட்டு வயதில் கொஞ்சம் பெரிய பையனைக் கோச் எடுக்கிறார், எடுத்தவனுக்கு நல்ல பயிற்சி, நிறைய மேட்ச். பதினாறு வயதில் அவன் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரனாகி விடுகிறான். வெளியே நின்றவன் எப்போதோ கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். நம் பள்ளிகளிலும் இதே கதைதான், யாரும் எழுதி வைக்கவில்லை. நான் டீம் எடுக்கும்போது பெயர்ப் பட்டியலில் பிறந்த மாதத்தையும் எழுதி வைத்துக்கொள்வேன். அக்டோபர், நவம்பர், டிசம்பர்ப் பையன்களை இரண்டாவது தடவை ஓடவிட்டுப் பார்ப்பேன். மற்ற மாஸ்டர்கள் “என்ன சார், ஜாதகம் பார்க்கிறீர்களா?” என்று கேலி செய்வார்கள்.

சரி, கோச் சொல்கிற ஒரு வருடத்துக்கு வருவோம். உங்கள் பையன் 2026-27, 2027-28 இரண்டு சீசனும் 17 பிரிவு. 2028-29, 2029-30 இரண்டும் 19 பிரிவு. அதோடு வயது முடிந்தது. ஒன்பதாவதை இரண்டு முறை படித்தாலும் நான்கு முறை படித்தாலும் இதில் ஒரு எழுத்து மாறாது. இந்த வருடம் அவன் 2010இல் பிறந்த பையன்களோடுதான் மோதியாக வேண்டும், சட்டையில் எந்தப் பள்ளியின் பெயர் இருந்தாலும்.

அப்படியானால் அந்த ஒரு வருடம் முழுப் பொய்யா என்றால் அதுவும் இல்லை. நேராகப் படித்தால் 2028-29இல் பன்னிரண்டாவது முடிந்து பள்ளியை விட்டு வெளியே போய்விடுவான். 2029-30இல் வயது இருக்கும், பள்ளி இருக்காது. ஒரு வகுப்பைத் திரும்பப் படித்தால் அந்தக் கடைசி 19 பிரிவு சீசன் கிடைக்கும். கோச் விற்கிற வருடம் இதுதான். அது கையில் வருவது 2029இல். அதற்கு இன்றைக்கு ஒன்றரை லட்சம் கொடுத்து ஒன்பதாவதில் ஏன் உட்கார வேண்டும்? அந்த சீசன் தேவைதானா, பையன் அந்த அளவுக்கு வந்திருக்கிறானா என்பதைப் பதினோராவதில் பார்த்துக்கொள்ளலாம். அப்போது ஒரு வருடம் நின்றாலும் அதே 2029-30 சீசன்தான், ஒரு நாள்கூடக் குறையாது. அதற்குள் அவன் இன்னும் கால்பந்தே ஆடுகிறானா என்பதும் தெரிந்துவிடும். இந்த வயதில் ஆசை மாறுவதை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

இதை அந்தக் கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: “சார், இந்த வருஷம் என் பையன் எந்த வயசுப் பிரிவுல ஆடுவான்?” பதில் 17 பிரிவு என்று வந்தால், ஹாஸ்டலில் ஒரு படுக்கை காலியாக இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். 14 பிரிவு என்று வந்தால் அந்த இடத்தை விட்டு உடனே எழுந்து வந்துவிடுங்கள். ஏன் என்றால் அடுத்த பேச்சு பிறப்புச் சான்றிதழைப் பற்றியதாக இருக்கும். பிறந்த வருடம் 2011ஐ 2013 ஆக்குவது சின்ன வேலை என்பார்கள். அதில் மட்டும் விழாதீர்கள். மத்திய அரசு 2010லேயே வயது மோசடிக்கு எதிராக தேசிய நெறிமுறை கொண்டுவந்தது. கிரிக்கெட்டில் 16 வயதுப் பையன்களுக்கு இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறார்கள், டிடபிள்யூ3 என்று அந்த முறைக்குப் பேர். 2015இல் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ராகுல் டிராவிட் இதைத்தான் பிடித்துக்கொண்டார். பதினான்கு வயதில் வயதைத் திருடுவதற்கும் இருபத்தைந்து வயதில் மேட்சை விற்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். அடுத்த வருடமே பிசிசிஐ, 19 வயது உலகக் கோப்பையை ஒருவர் ஒருமுறைதான் ஆடலாம் என்று விதி போட்டது. அங்கே பையன்களை நிறுத்தி வைப்பதைவிட மேலே தள்ளிவிடுகிறார்கள்.

பையனுக்கு இப்போது என்ன தேவை? மேட்ச். பெஞ்ச் இல்லை. பள்ளி டீமில் இடம் கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் ஊர் ஊராக நடக்கிற, டீமுக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளில் தன் அளவுப் பையன்களோடு ஆடட்டும். நம் மலையில் சமமான மைதானம் எங்கே இருக்கிறது? பாதி மைதானங்கள் ஒரு பக்கம் சரிந்திருக்கும், பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைக்குள் போய்விடும். எடுத்து வருவதற்குள் ஆட்டத்தின் சூடே ஆறிவிடும். அதனால் நம் பையன்கள் பந்தைக் காலை விட்டு அகல விடமாட்டார்கள். சின்ன உடம்புக்காரன் இந்தக் காலகட்டத்தில் கற்றுக்கொள்வது அதுதான்: பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி யார் எங்கே என்று பார்ப்பது, முதல் தொடுதலிலேயே இடிக்க வருகிறவனுக்கு எதிர்ப்பக்கம் போவது. பெரிய பையன்களுக்கு இது தேவைப்படாததால் அவர்கள் கற்றுக்கொள்வதே இல்லை. பதினெட்டு வயதில் எல்லோரும் ஒரே உயரத்துக்கு வந்த பிறகு பாருங்கள், யார் ஆடுகிறார்கள் என்று. உங்கள் பையன் விழுந்து எழுந்து அதே ஆளை உள்பக்கமாகத் தாண்டினான் என்று எழுதினீர்களே, அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

ஊட்டி அம்மா:

சார் சொல்வதற்கு நான் மறுப்பு சொல்ல வேண்டியிருக்கிறது. வகுப்பைத் திரும்பப் படிப்பது என்றாலே ஏமாற்று வேலை மாதிரி இங்கே பேச்சு போகிறது.

என் மகள் தூரம் ஓடுகிறவள், 1500, 3000. பதினோராவதில் மஞ்சள் காமாலை. மாதக்கணக்கில் படுக்கை, ஓட்டமும் போச்சு, பாடமும் போச்சு. நாங்களே பள்ளியில் பேசிப் பதினோராவதை மறுபடி படிக்க வைத்தோம். அவள் பிறந்ததும் வருடக் கடைசி, அதனால் 19 பிரிவில் ஒரு சீசன் கூடுதலாகக் கிடைத்தது. அந்த சீசனில்தான் மாநில அளவில் இடம் பிடித்தாள். அந்த சான்றிதழை வைத்துத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட். அந்த ஒரு வருடம் இல்லையென்றால் இன்றைக்கு எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு சான்றிதழின் மதிப்பு வசதி உள்ளவர்களுக்குப் புரியாது. அரசு வேலையில்கூட விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்குகிறார்கள்.

அவளுக்கும் சுலபமாக இல்லை. புது வகுப்பில் எல்லோரும் ‘அக்கா’ என்று கூப்பிட்டார்கள், மரியாதையாகத்தான், ஆனால் வீட்டுக்கு வந்து அழுவாள். மதியம் பழைய தோழிகளைத் தேடிப் போய்ச் சாப்பிடுவாள். எச்.ஏ.டி.பி. மைதானத்தில் காலையில் அவளோடு ஓடுகிற இரண்டு பெண்கள் இல்லையென்றால் தாங்கியிருக்க மாட்டாள். அது அவளே எடுத்த முடிவு என்பதால்தான் ஓடியது.

பிக்கப் தம்பி, பையன் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவனைப் பேச வையுங்கள். மாஸ்டர், கோச், இங்கே எழுதுகிற நாங்கள், எல்லோரும் அப்புறம்.

ரிட்டயர்டு பி.டி.:

அம்மா, உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. உங்கள் மகள் நின்றது பதினோராவதில், கையில் நேரம் வைத்து ஓடிக்கொண்டிருந்த பிள்ளை, உடம்பு முடியாமல் போன காரணம் வேறு. நானும் அதைத்தான் சொன்னேன், தேவையென்றால் அப்போது எடுக்கலாம் என்று. இந்தப் பையனுக்கு நோயும் இல்லை, தேர்வில் தவறவும் இல்லை. இன்னொன்று, பள்ளியை விட்டு வெளியே வந்தால் கதவு மூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவும் பொதுப் பிரிவும் தனியாக இருக்கின்றன.

அந்த ‘அக்கா’ விஷயம் உண்மை. பையன்களிடம் ‘அண்ணா’ என்பதும் அப்படித்தான், இன்னும் குத்தலாக இருக்கும்.

குன்னூர் பிசியோ:

நான் பிசியோதெரபிஸ்ட். டீம், வகுப்பு பற்றி எல்லாம் பேசியாகிவிட்டது, முழங்காலைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிக்கப் அண்ணா, பெற்றோர் உயரத்தை வைத்து ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஆண் பிள்ளைக்கு அப்பா உயரம், அம்மா உயரம், அதோடு 13, மூன்றையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். 171, 157, 13. வகுத்தால் 170 சொச்சம். ஏழெட்டு செ.மீ. கூடலாம், குறையலாம். ஆக இப்போதைய 149க்கு மேல் இன்னும் இருபது செ.மீ. அளவுக்கு வரவேண்டி இருக்கலாம். ஆண் பிள்ளைகள் வேகமாக உயர்வது சராசரியாகப் பதினான்கு வயதையொட்டி. சிலருக்குப் பன்னிரண்டிலேயே வந்துவிடும், சிலருக்குப் பதினாறை நெருங்கும்போது. ஒரே வகுப்பில் இரண்டு பையன்களின் உடல் வயது மூன்று நான்கு வருடம் வித்தியாசப்படுவது சாதாரணம். நீங்கள் எந்த வயதில் உயர்ந்தீர்கள் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பையனும் அப்படித்தான் வருவான். பதினான்கு முடிந்த பையனுக்குப் பருவ மாற்றத்தின் அறிகுறி எதுவுமே தொடங்கவில்லை என்றால் மட்டும் ஒருமுறை குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பயப்பட ஒன்றுமில்லை, பார்த்துவிடுவது நல்லது.

முக்கியமான விஷயம் இதுதான். அந்த வேகமான உயர்வு வரும் மாதங்களில் எலும்பு முந்திக்கொள்ளும், தசையும் நரம்பும் பின்னால் ஓடி வரும். நேற்று வரை சுலபமாகச் செய்த டர்ன் இன்று தடுமாறும், கோச் ‘ஃபார்ம் போச்சு’ என்பார். முழங்கால் சிப்பிக்குக் கீழே ஒரு புடைப்பு, தொட்டால் வலி, படி ஏறினால் வலி. ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பேர். குதிகாலிலும் இதே மாதிரி வரும். ஹாஸ்டல் அகாடமியில் காலை, மாலை இரண்டு வேளை பயிற்சி என்றால் இந்த நேரத்தில் பையன் வலியை மறைத்துக்கொண்டு ஓடுவான், இடம் போய்விடும் என்று. என்னிடம் வருகிற பையன்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான். வீட்டில் இருந்தால் அம்மா கண்ணில் பட்டுவிடும்.

ஒரு வேலை செய்யுங்கள். சுவரில் ஒரு இடம் குறித்து, மாதம் ஒருமுறை, காலையில் எழுந்ததும், செருப்பில்லாமல் உயரம் அளந்து தேதி போடுங்கள். கோடுகளுக்கு இடையில் இடைவெளி சட்டென்று கூடும் மாதங்களில் குதிப்பதையும் ஓட்டத்தையும் குறைத்து, பந்தோடு மெதுவான வேலையைக் கூட்டச் சொல்லுங்கள். எலும்பு வயது எக்ஸ்ரே எல்லாம் இதற்காக எடுக்க வேண்டாம்.

இங்கிலாந்தில் பிரீமியர் லீக் கிளப்புகள் சில போட்டிகளில் பிறந்த தேதியை விட்டுவிட்டு உடல் வளர்ச்சியை வைத்துப் பையன்களைப் பிரித்து ஆட விட்டுப் பார்த்தன, பயோபேண்டிங் என்பார்கள். தாமதமாக வளர்கிற பையன்கள் அதில்தான் பந்தைத் தொடவே முடிந்தது என்று சொன்னார்களாம். நம் ஊரில் அதிகாரப்பூர்வமாக அப்படி எதுவும் வேண்டாம், பி.டி. சார் சொன்ன செவன்ஸிலேயே அது நடந்துவிடும்.

மண்டிக்காரன்:

ஒன்றரை லட்சத்துக்கு பிக்கப்புக்கு நான்கு டயரும் போட்டு மீதியும் இருக்கும். சும்மா சொன்னேன்.

கோத்தகிரி பிக்கப்:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டேன். நான் பத்தாவது வரைக்கும் முதல் பெஞ்சுதானாம், பிளஸ் ஒன் போன வருடம் பேன்ட் எல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதாம். எனக்கே மறந்துபோன விஷயம்.

கோச்சுக்கு போன் போட்டு ரிட்டயர்டு சார் சொன்ன கேள்வியைக் கேட்டேன். “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்ங்க, ரெண்டு சீட்தான் பாக்கி, சீக்கிரம் சொல்லுங்க” என்றார். எந்தப் பிரிவு என்று கடைசி வரை சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஊட்டி அக்கா சொன்னபடி பையனிடமும் பேசினேன். மேட்டுப்பாளையம் போகும்போது பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கேட்டேன், குஞ்சப்பனை தாண்டுகிற வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். அப்புறம், “பத்தாவது போறேன்ப்பா, ஆனா அந்த மாதிரி கிரவுண்ட்ல மாசம் ஒரு தடவையாவது ஆடணும்” என்றான். அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா? அப்புறம் பள்ளி திறந்ததும் குறுவட்டப் போட்டிக்கு, அதாவது பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கிற முதல் கட்டப் போட்டிக்கு, என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

ரிட்டயர்டு பி.டி.:

கோவையிலும் மேட்டுப்பாளையம் பக்கமும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற டர்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. நான்கைந்து பையன்களைச் சேர்த்துக்கொண்டால் ஆளுக்குப் பெரிதாக வராது, நீங்கள் எப்படியும் காலி வண்டியோடு திரும்புகிறவர், பையன்களை மட்டும் பின்னால் லோடு இடத்தில் உட்கார வைக்காதீர்கள், பஸ்ஸில் வரச் சொல்லுங்கள். ஆனால் செயற்கைப் புல்லில் ஆணி ஷூ போட வேண்டாம், தனி ஷூ உண்டு. முதல் இரண்டு மூன்று தடவை கீழே வெயில் அவனைக் காலி செய்துவிடும், தண்ணீர் அதிகம் குடிக்கட்டும்.

போட்டிக்கு பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியில் எமிஸ் எண் (கல்வித்துறையின் மாணவர் பதிவு எண்). மூன்றிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்து வைத்துப் பாருங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், சான்றிதழில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். இதற்காக மைதானம் வரை வந்து திரும்பிப் போன பையன்கள் உண்டு. திருத்த வேண்டியிருந்தால் ஜூன் கூட்டத்துக்கு முன்பே இ-சேவை மையத்தில் முடித்துவிடுங்கள்.